கோலிஸ்டினை முறியடிக்கும் வளையம்

புரட்டாசி விரதம் முடிந்ததும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கத்து வீடுகளில், கோழிக்கறி மறுபடி அடுப்பேறும். நன்றாக வெந்த கறியால் பயமில்லை. 74 டிகிரி செல்சியஸில் பாக்டீரியா செத்துவிடும். கவனிக்க வேண்டியது பச்சைக்கறி பட்ட பலகையும் கத்தியும்தான். தென்னாப்பிரிக்கக் கோழிகளின் ஈ.கோலை பாக்டீரியாவில், கோலிஸ்டின் மருந்தை முறியடிக்கும் எம்சிஆர்-1 மரபணு இருப்பது 2016இல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. சீனாவில் அதை முதன்முதலாக அறிவித்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கோலிஸ்டின், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து; வேறு மருந்து கேட்காதபோது மருத்துவர் கடைசியாக எடுப்பது. அதன் நேர்மின்சுமை பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள எதிர்மின்சுமையைப் பற்றிக்கொண்டு சவ்வைக் குலைக்கும். எம்சிஆர்-1 தரும் நொதியோ சவ்வுக் கொழுப்பில் பாஸ்போஎத்தனாலமைனை ஒட்டிவிடும். எதிர்மின்சுமை குறைந்துபோக, மருந்துக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை.

இந்த மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் இருக்கிறது. பிளாஸ்மிட் என்பது குரோமோசோமைச் சேராத, தானே பெருகும் டிஎன்ஏ வளையம். அதைச் சுமக்கும் செல் மெல்லிய இழை ஒன்றை நீட்டி அண்டைச் செல்லைப் பிடித்து இழுக்கும். ரிலாக்சேஸ் நொதி வளையத்தின் ஓரிழையைக் குறித்த இடத்தில் வெட்டி, அந்த முனையிலேயே ஒட்டிக்கொண்டு அண்டைச் செல்லுக்குள் போகும். இரு பக்கமும் எதிரிழை உருவாகும். கொடுத்தவரிடமும் குறையாது, வாங்கியவருக்கும் முழுசாகக் கிடைக்கும். ஈ.கோலையிடமிருந்து அதன் உறவுக்கார பாக்டீரியாவான கிளெப்சியெல்லாவுக்குப் போகவும் தடையில்லை. தூரத்து இனமென்றால் அங்குள்ள வெட்டுநொதிகள் நறுக்கிப்போடலாம், அல்லது பெருகும் வழியில்லாமல் வளையம் தொலைந்துபோகலாம்.

ஆய்வகத்தில் இதைச் சோதிப்பது எளிது, ஏமாறுவதும் எளிது. கோழியிலிருந்து எடுத்த பாக்டீரியாவையும், சோடியம் அசைடு என்ற நச்சைத் தாங்கும் ஈ.கோலையையும் கலந்து, 0.45 மைக்ரான் வடிதாளில் சில மணி நேரம் விட்டு, கோலிஸ்டினும் அசைடும் சேர்ந்த அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) பரப்புவார்கள். இரண்டையும் தாங்கி முளைப்பதே பிளாஸ்மிட் வாங்கியது. இரண்டு பாக்டீரியாவையும் தனித்தனியாகவும் அதே அகாரில் பரப்பிப் பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் தானாகத் திரிந்த செல்லை வாங்கிய செல்லென்று எண்ணிவிடுவோம். மருந்து தோய்ந்த வில்லையை அகாரில் வைத்துப் பார்க்கும் வில்லைச் சோதனையையும் நம்பக் கூடாது. கோலிஸ்டின் பெரிய மூலக்கூறு, அகாரில் சரியாகப் பரவாது. திரவ ஊடகத்தில் அளவு குறைத்துக் குறைத்துச் சோதிப்பதே சரி.

பலர் தவறவிடுவது வெப்பநிலையை. எம்சிஆர்-1 சுமக்கும் சில பெரிய பிளாஸ்மிட்டுகள், குறிப்பாக எச்ஐ வகை, 37 டிகிரியில் அவ்வளவாக நகராது. 22 முதல் 30 டிகிரி வரைதான் அவை சுறுசுறுப்பாகச் செல் மாறும். உடலைவிடப் பண்ணைச் சாக்கடைதான் அவற்றுக்குத் தோதான இடம். டர்பன் கோடையில் அந்தத் தண்ணீர் ஏறக்குறைய அதே சூட்டில் கிடக்கும்.