அந்து, விட்டில், செதிற்சிறகி: 'லெபிடாப்டெரா'வுக்குத் தமிழ் என்ன?

நெல் மூட்டையைப் பிரித்ததும் வைக்கோல் நிறத்தில் சில குட்டிப் பூச்சிகள் எழும்பிப் பறந்தால் 'அந்து விழுந்துவிட்டது' என்பார்கள். அந்து என்ற சொல்லின் சொந்த இடம் அந்த நெல் மூட்டைதான். சேமித்த தானியத்தைக் கெடுக்கும் அந்த ஒரு பூச்சியின் பெயரைப் பொதுப்பெயராக நீட்டி, இரவில் பறக்கும் அதன் உறவுகள் எல்லாவற்றையும் இன்று 'அந்துப்பூச்சி' என்கிறோம். இந்த அந்துப்பூச்சிகளும் பட்டாம்பூச்சிகளும் சேர்ந்த பூச்சி வரிசைக்கு அறிவியல் பெயர் லெபிடாப்டெரா. துணிப்பெட்டியில் போடும் 'அந்துருண்டை'யிலும் இதே அந்துதான். அங்கே அது துணியை அரிக்கும் வேறொரு பூச்சியைக் குறிக்கிறது. அதே உருண்டையைப் 'பாச்சை உருண்டை' என்பவர்களும் உண்டு. பாச்சைக்கும் அந்துக்கும் பூச்சி என்பதைத் தாண்டி உறவில்லை.

நெல் அந்துவின் அறிவியல் பெயர் சிட்டோட்ரோகா செரியலெல்லா. கிரேக்கத்தில் சிட்டோஸ் என்றால் தானியம், ட்ரோகோ என்றால் கொறித்தல். 'தானியங் கொறிப்பான்' என்று பெயரே சொல்லிவிடுகிறது. புழு ஒரே மணிக்குள் இருந்து வளர்ந்து கூட்டுப்புழுவாகும். அதற்கு முன்பே வெளியேற வழி செய்துவிடும்: மணியின் மேல்தோலை மட்டும் விட்டுவிட்டு வட்டமாக அறுத்து, சின்னக் கதவு போல வைத்திருக்கும். மூட்டையில் ஓட்டை நெல்லைப் பார்த்ததும் 'வண்டு' என்று முடிவு கட்டுவது பொதுவான தவறு. ஓட்டை சீரான வட்டமாக, ஓரத்தில் மெல்லிய மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்து. ஒழுங்கில்லாத விளிம்போடு கடித்துக் குதறியது போலிருந்தால் அரிசி வண்டு. பறக்கும் பூச்சியைப் பிடிக்க முடிந்தால் பின்சிறகைப் பாருங்கள். நுனி விரல் போல் திடீரென்று ஒடுங்கி, ஓரத்தில் நீளமான மயிர்க்குஞ்சம் தொங்கும்.

'விட்டில்' இன்னும் சிக்கலான சொல். விளக்கில் விழும் பூச்சி என்றே பலரும் புரிந்துகொள்கிறோம். ஆனால் அகராதிகள் அதற்கு வெட்டுக்கிளி என்றும் பொருள் தருகின்றன. இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. உலகின் மிகப் பெரிய இரவுப்பூச்சிகளில் சில அடங்கிய பேரினத்துக்கு அட்டாகஸ் என்று பெயர். லத்தீன் விவிலியத்தில் அட்டாகஸ் என்பது ஒருவகை வெட்டுக்கிளி! தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அட்டாகஸ் டாப்ரோபானிஸ் அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததே. அதன் பின்பாதி இலங்கையின் பழைய கிரேக்கப் பெயரான தாப்ரோபனேயிலிருந்து வந்தது.

இனி லெபிடாப்டெரா. லெபிஸ் (உருபேற்கும்போது லெபிடோஸ்) என்றால் செதில். ப்டெரோன் என்றால் சிறகு. ஆகவே சொல்லை லெபிடோ + ப்டெரா என்றுதான் பிரிக்க வேண்டும். ஹெலிகாப்டரையும் ஹெலிகோ + ப்டர் என்றே பிரிக்க வேண்டும், 'ஹெலி'யும் 'காப்டரு'ம் பிற்காலத்தில் ஆங்கிலம் செய்த வெட்டு.

இந்தச் செதில் தட்டையாகிப்போன மயிர்தான். சிறகைத் தொட்டால் விரலில் ஒட்டும் 'பொடி' அதுவே. சிலந்தி வலையில் மாட்டினால் செதில்களை வலையிலேயே விட்டுவிட்டுப் பூச்சி நழுவிவிடும். செதில் இல்லாமல் கண்ணாடி போன்ற சிறகோடு பறக்கும் செஃபோனோடெஸ் ஹைலாஸ் என்ற அந்துப்பூச்சி நம் ஊர்களிலும் உண்டு. அது விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். கூட்டிலிருந்து செதிலோடுதான் வருகிறது, முதல் பறப்பிலேயே உதிர்த்துவிடுகிறது. மறுபுறம், கொசுவின் சிறகு நரம்புகளிலும் செதில் உண்டு. செதிலை மட்டும் வைத்து ஒரு பூச்சியை இந்த வரிசையில் சேர்த்துவிட முடியாது.

ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் இந்த வரிசையை மூன்றே பேரினங்களாகப் பிரித்தார்: பகலில் பறக்கும் பட்டாம்பூச்சிகளுக்குப் பபிலியோ, பருந்து போல் விரைபவற்றுக்கு ஸ்ஃபிங்ஸ், மிச்சம் எல்லாவற்றுக்கும் ஃபலீனா. (கிரேக்கத்தில் ஃபலைனா திமிங்கலத்துக்கும் பெயர்!) மிச்சம் மிகப் பெரிதாக இருந்ததால் அதை உட்பிரிவுகளாக்கி, சில பிரிவுகளுக்கு ஒரே மாதிரியான சிற்றினப் பெயர் விகுதி வைத்தார். டீனியாவுக்கு -எல்லா, பைராலிஸுக்கு -ஆலிஸ், டார்ட்ரிக்ஸுக்கு -ஆனா. அந்த வழக்கம் இன்றும் கைகொடுக்கும். முட்டைக்கோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி ப்ளூட்டெல்லா ஸைலோஸ்டெல்லா. பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பெக்டினோஃபோரா காஸிபியெல்லா. கத்தரிக்காயைத் துளைப்பது லூசினோடெஸ் ஆர்போனாலிஸ். நெல் இலையைச் சுருட்டுவது நஃபலோக்ரோசிஸ் மெடினாலிஸ். விகுதியைப் பார்த்தாலே பெயர் வைத்தவர் அதை எந்தக் கூட்டத்தில் சேர்த்தார் என்று ஊகிக்கலாம். நெல் அந்துவின் 'செரியலெல்லா'வும் அப்படி வந்ததே. 1789-இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஒலிவியே அதை அலூசிட்டா என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார். பிறகு பேரினம் மாறியதால்தான் இன்று அறிவியல் பெயரை அடுத்து அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகின்றன. அந்த அடைப்புக்குறி அலங்காரமல்ல. தமிழில் எழுதும்போது அதை விட்டுவிடுவது பிழை.

அந்துப்பூச்சி என்று ஒரு குலம் வகைப்பாட்டில் கிடையாது. இந்த வரிசையில் இதுவரை விவரிக்கப்பட்டவை சுமார் 1,60,000 சிற்றினங்கள். அவற்றில் பட்டாம்பூச்சிகள் 20,000-க்கும் குறைவு. அந்தப் பட்டாம்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளின் நடுவிலிருந்து கிளைத்த ஒரு கொப்புதான். அதை ஒடித்து எடுத்த பின் மிஞ்சிய மரத்துக்கு நாம் வைத்த பெயர் அந்துப்பூச்சி. ஆகவே லெபிடாப்டெராவை 'அந்துப்பூச்சி வரிசை' என்று மொழிபெயர்ப்பதும் தவறு, 'பட்டாம்பூச்சி வரிசை' என்பதும் தவறு. இரவில் பறப்பது, உட்காரும்போது சிறகை விரிப்பது என்ற பள்ளிக்கூட அடையாளங்களும் அடிக்கடி பொய்க்கும். உணர்கொம்பைப் பாருங்கள்: நுனி குண்டாக முடிந்தால் பெரும்பாலும் பட்டாம்பூச்சி, நூல் போலவோ சீப்புப் போலவோ இருந்தால் அந்துப்பூச்சி. லென்ஸ் இருந்தால் முன்சிறகையும் பின்சிறகையும் இணைக்கும் கொக்கி முள்ளையும் தேடலாம். பெரும்பாலான அந்துப்பூச்சிகளில் பின்சிறகு உடலோடு சேரும் இடத்தில் அது இருக்கும். ஆணுக்குத் தடித்த ஒற்றை முள், பெண்ணுக்குப் பொதுவாகப் பல மெல்லிய முட்கள். பாலினம் அறியவும் இதுவே எளிய வழி.

ஒரே நிறமும் ஒரே கோடும் கொண்ட சிற்றினங்களைப் பிரிக்க இதுவும் போதாது, இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தாக வேண்டும். வயிற்றைக் கழற்றி 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓர் இரவு ஊறவைப்பார்கள், அல்லது வெந்நீர்த் தொட்டியில் சில நிமிடம் சூடாக்குவார்கள். சதை கரைந்து கடினப் பகுதிகள் மட்டும் நிற்கும். நேரம் கடந்தால் அவையும் வெளுத்துத் துவண்டு, எங்கே விளிம்பு என்றே தெரியாமல் போகும். அதைவிட மோசமானது கழற்றிய வயிற்றுக்கும் மிஞ்சிய உடலுக்கும் இட்ட எண்கள் மாறிப்போவது. அப்படி மாறிய மாதிரியை இனி எதற்கும் நம்ப முடியாது.

சரி, தமிழ்ச்சொல். 'செதிலிறகி' புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் இன்றைய தமிழில் இறகு என்றதும் பறவையின் தூவிதான் நினைவுக்கு வருகிறது. இந்தப் பூச்சிகளுக்குத் தூவி இல்லை. சிறகு என்று வைத்தால் செதில் + சிறகி, லகரம் றகரமாகிச் செதிற்சிறகி. சொல்ல ஓசை சற்று வல்லென்றிருந்தாலும் இதையே பரிந்துரைக்கலாம். காரணம், மற்ற வரிசைகளும் இதே அச்சில் வார்க்கக்கூடியவை: ஈயும் கொசுவும் இருசிறகி, தேனீயும் எறும்பும் சவ்வுச்சிறகி, வண்டுகள் உறைச்சிறகி. செதிற்சிறகிகளுக்கு மிக நெருங்கிய உறவான ட்ரைகோப்டெரா மயிர்ச்சிறகி. விட்டிலைக் கவிதைக்கு விட்டுவிடலாம். அந்துப்பூச்சி பொதுப்பெயராக நிலைத்துவிட்டது, அதை எடுக்க வேண்டியதில்லை; வெறும் 'அந்து'வை மட்டும் தானியப்பூச்சிக்கு ஒதுக்கினால் போதும்.

வயலில் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் பூச்சியின் பெயரல்ல, புழுவின் பெயர்: படைப்புழு, காவட்டைப் புழு, இலைச்சுருட்டுப் புழு. தின்பது புழு என்பதால் அது இயல்பே. விளக்குப்பொறியில் விழுந்த தாய்ப்பூச்சியைப் பற்றி எழுதும்போது 'படைப்புழு பறந்து வந்தது' என்று எழுதினால்தான் சங்கடம். 'படைப்புழுவின் அந்துப்பூச்சி' என்று எழுதலாம்.

வகைப்பாட்டுப் படிகளின் பெயரிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். இலங்கையில் வருணம், குடும்பம், சாதி, இனம். இலங்கையில் 'இனம்' என்பது நம் சிற்றினம். இரு கரை நூல்களையும் அருகருகே வைத்துக் குறிப்பெடுப்பவர்கள் வெறும் 'இனம்' என்று எழுதாமல், எந்தப் படி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.