வீட்டு முகவரி இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும், தொடர்ந்து படிக்க வைப்பதும்

சென்னையில் பாரிமுனை, சவுக்கார்பேட்டை, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் உண்டு. பிழைப்பு அங்கேதான் என்பதால் அவர்கள் அந்த இடத்தை விட்டுப் போவதில்லை. ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்கப் போனால் முதல் கேள்வியே "அட்ரஸ் புரூஃப் இருக்காம்மா?" என்பதுதான். இல்லை என்றதும், "எல்லாத்தையும் ரெடி பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த தாய் மறுபடி வருவது அரிது. எழுத்தில் யாரும் மறுக்கவில்லை, அதனால் பள்ளியின் எந்தப் பதிவேட்டிலும் இது ஏறாது. பிள்ளை மட்டும் வெளியே நிற்கும்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு நிபந்தனை வைக்கவில்லை. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 15. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும், டி.சி.யைத் தர இழுத்தடிக்கும் தலைமையாசிரியர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது 5. இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று 9-ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது. ஆதார் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் தீர்ப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் சேர்க்கை, காகிதங்கள் பிறகு. அவற்றைத் தேட உதவுவது பள்ளியின் வேலை. அதுவரை பிள்ளையை வாசலில் நிறுத்தி வைக்கச் சட்டத்தில் இடமில்லை.

வயதுச் சான்றைப் பொறுத்தவரை பெற்றோருக்கே தெரியாத ஒரு நல்ல செய்தி இருக்கிறது. வடசென்னை நடைபாதைகளில் வளரும் பிள்ளைகளில் பலர் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலோ, எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையிலோ பிறந்தவர்கள். மருத்துவமனையில் பிறந்தால் பிறப்பு அப்போதே பதிவாகிவிடும். குழந்தையின் பெயர் மட்டும் ஏறியிருக்காது. மாநகராட்சி இணையதளத்தில் பிறந்த தேதியையும் பாலினத்தையும் கொடுத்துத் தேடிப் பாருங்கள். அகப்படவில்லை என்றால் தாயின் பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் சிக்கல் இருக்கும். பிறந்து 15 ஆண்டுகள் வரை பெயரைச் சேர்க்கலாம். ஓராண்டு தாண்டினால் சிறு தாமதக் கட்டணம் உண்டு. பிறப்பே பதிவாகாமல் ஓராண்டு கடந்திருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு தேவைப்படும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அங்கன்வாடிப் பதிவேடு, மருத்துவமனைப் பதிவேடு, பெற்றோரின் எழுத்துமூல உறுதிமொழி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்க்கைக்குப் போதும். ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் முதன்மை ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மாரிடம் இதை இப்போதே சொல்லி, சான்றிதழை எடுத்துக் கொடுங்கள்.

இதுவரை பள்ளிக்கே போகாத 10 வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். கூச்சத்திலேயே ஒரு வாரத்தில் நின்றுவிடும். வயதுக்கேற்ற வகுப்பில் பெயரைச் சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 4-ஆம் பிரிவு. பயிற்சி குறைந்தது 3 மாதம், தேவைப்பட்டால் 2 ஆண்டு வரை போகலாம். பிள்ளை சிறப்புப் பயிற்சி மையத்துக்குப் போய்வரும், ஆனால் எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் அதன் பெயர் இருக்காது. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. மையம் மூடினால் அந்தப் பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லாமல் போய்விடும். பெயர் எந்தப் பள்ளியில் ஏறியிருக்கிறது என்று வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எமிஸ் எண்: தொலைந்தால் ஈடுகட்ட முடியாதது

எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு. ஒவ்வொரு மாணவருக்கும் அதில் தனி எண் உண்டு. சேர்ப்பதில் உள்ள சிரமத்தைவிடத் தொடர்ச்சியைக் காப்பாற்றுவதில்தான் சிரமம் அதிகம். மறுகுடியமர்வு என்று பாரிமுனைப் பக்கத்துக் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ கொண்டுபோய் விடும்போது கல்வியாண்டின் நடுப்பகுதியாக இருந்தால், பிள்ளையின் படிப்பு அங்கேயே அறுந்துபோகிறது. பழைய பள்ளி 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். புதிய பள்ளியில் எமிஸில் தேடினால் பெயர் இன்னும் பழைய பள்ளியிலேயே இருக்கும். பழைய பள்ளி பெயரைக் காமன் பூலுக்கு (எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுப் பட்டியலுக்கு) விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். பழைய பள்ளியில் பேச ஆளில்லாமல், அவசரத்தில் வேறு எழுத்துக்கூட்டலில், வேறு பிறந்த தேதியில் புதிதாக ஒரு பதிவைப் போட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். வலி பின்னால் வரும். கல்லூரி போகும் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்ததையும், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு அரசுப் பள்ளியில் படித்ததையும் காட்ட வேண்டும். பதிவு இரண்டாக உடைந்திருந்தால் அந்த இடத்தில் பிள்ளை திண்டாடும். வீடற்ற குடும்பத்துக்கு இந்த உதவிகளைவிடப் பெரிய ஏணி வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

எனவே எமிஸ் எண்ணைத் தாயின் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். இன்னொரு நகல் உங்களிடம் இருக்கட்டும். இடம்மாறும் செய்தி தெரிந்த அன்றே டி.சி. கேளுங்கள், பெயரை விடுவிக்கச் சொல்லுங்கள். பெயரும் பிறந்த தேதியும் சான்றோடு ஒத்துப்போகிறதா என்று பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயாராவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழில் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு.

அமெரிக்காவில் 1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம், பின்னால் வந்த திருத்தங்களோடு சேர்த்து, வீடிழந்த மாணவர் தன் பழைய பள்ளியிலேயே தொடர உரிமை தருகிறது. போய்வர வாகன வசதியைக் கல்வி நிர்வாகமே செய்ய வேண்டும். உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையையும் அது வீடற்ற பிள்ளையாகவே கணக்கில் எடுக்கிறது. நம் சட்டத்தில் இந்த உரிமை இல்லை. நம் 2011 கணக்கெடுப்பு நாடு முழுதும் வீடற்றோர் 17.7 லட்சம் பேர் என்று சொல்வதும் திறந்தவெளி, நடைபாதை, மேம்பாலத்தின் அடி, ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருந்தவர்களை மட்டும்தான். குடும்பங்களை இடம்மாற்றும் தேதியை முழுஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையாவது ஒரு விதியாக்க வேண்டும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

கடைகள் அடைத்த பிறகுதான் நடைபாதையில் பாய் விரிக்க முடியும். விடியுமுன் சரக்கு வண்டிகள் வந்துவிடும். கட்டணக் கழிப்பறை வரிசையில் நின்று, குளித்து, ஈரம் காயாத சீருடையை மாட்டிக்கொண்டு வரும் பிள்ளை தாமதமாக வந்தால், வகுப்புக்கு வெளியே நிறுத்தாதீர்கள். காலை உணவு கிடைக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தால் அன்றைய நாள் தேறிவிடும்.

புத்தகப் பை பள்ளியிலேயே இருக்கட்டும். மழையிலும், நடைபாதையைக் காலி செய்யும் லாரியிலும் முதலில் போவது அந்தப் பைதான். மிச்சமுள்ள பாடப்புத்தகத்தில் ஒரு செட்டைப் பெயர் எழுதாமல் அலமாரியில் வைத்திருங்கள். ஆண்டுக்குத் தரப்படும் 4 செட் சீருடையில் ஒன்றைப் பள்ளியில் வைத்தால், நனைந்து வரும் நாளில் மாற்றிக்கொள்ளலாம். மாதவிடாய் நாட்களில் பெண் பிள்ளைகள் பள்ளிக் கழிப்பறையை முன்கூட்டியே வந்து பயன்படுத்த அனுமதியுங்கள். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதால் பயனில்லை. மாலையில் அரைமணி நேரம் வகுப்பறையைத் திறந்து வையுங்கள். "உன் வீடு எங்கே?" என்று மற்றவர்கள் முன்னால் கேட்காதீர்கள்.

நீண்ட நாள் வராவிட்டாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை பெயரை நீக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்தச் சட்டக் கவசம் கிடையாது. அந்தக் கோடை விடுமுறையில்தான் பலர் மூட்டை தூக்கப் போய்விடுகிறார்கள். எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பட்டியலை ஏப்ரலிலேயே எடுத்து, எந்தப் பள்ளியில் சேரப்போகிறார்கள் என்று பெயர் பெயராகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பள்ளிக்குப் போனால் பிள்ளையைப் பிடித்து விடுதியில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் பெற்றோரிடம் ஆழமாக இருக்கிறது. பெற்றோருடன் வாழும் பிள்ளையை ஏழ்மைக்காக மட்டும் பிரிக்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் காப்பகத்தைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. தனியாகத் தெருவில் இருக்கும் பிள்ளை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். குழந்தைகள் நலக் குழு முடிவெடுக்கும்.

சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் அந்த ஒரு கேள்வியிலேயே விண்ணப்பப் படிவம் வெளியே வந்துவிடும். வராவிட்டால் கல்வி உதவி எண் 14417-இல் புகாரைப் பதிந்துவிட்டு, வட்டாரக் கல்வி அலுவலரை அன்றே பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சியிடம் எழுத்தில் புகார் தரலாம். 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். மனுவில் பிள்ளையின் பெயர், வயது, பள்ளி, போன தேதி, யார் என்ன சொன்னார்கள் என்ற ஐந்தும் இருக்கட்டும். முகவரிக் கட்டத்தில் நடைபாதையின் அடையாளத்தையே எழுதுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பி வராதீர்கள்.