எச்.பி.சி.யு.: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

கமலா ஹாரிஸ் பட்டம் பெற்றது வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில். (ஹார்வர்டு அல்ல. எழுத்துப்பிழை என்று நினைத்து யாரும் திருத்திவிட வேண்டாம்.) ஹோவர்டு என்றாலே கூடவே வரும் சொல் எச்.பி.சி.யு. விரித்தால் ‘ஹிஸ்டாரிக்கலி பிளாக் காலேஜஸ் அண்ட் யுனிவர்சிட்டீஸ்’. இதை ‘வரலாற்றுச் சிறப்புமிக்க கறுப்பினக் கல்லூரி’ என்று எழுதினால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பொருள்தான் தவறு. இங்கே பேச்சு சிறப்பைப் பற்றியது அல்ல, ஒரு கல்லூரி யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பதைப் பற்றியது.

அமெரிக்க உயர்கல்விச் சட்டம் 1965-இல் வந்தது. அதில் 1986-இல் சேர்க்கப்பட்ட வரையறைப்படி, 1964-க்கு முன் நிறுவப்பட்டு, கறுப்பின அமெரிக்கர்களுக்குக் கல்வி தருவதை முதன்மை நோக்கமாகக் கொண்ட, தர அங்கீகாரம் பெற்ற நிறுவனமே எச்.பி.சி.யு. அரசு நிதியுதவி பெறும் நிறுவனங்களில் நிறவேற்றுமை கூடாது என்று குடிமை உரிமைகள் சட்டம் சொன்ன ஆண்டு 1964. அதனால்தான் அந்த எல்லைக்கோடு. நியூயார்க்கின் மெட்கர் எவர்ஸ் கல்லூரியில் இன்றும் கறுப்பின மாணவர்களே மிகுதி. ஆனால் அது 1970-இல் தோன்றியது என்பதால் இந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருப்பவை ஏறத்தாழ நூறு.

சொல்தான் புதிது, கல்லூரிகள் பழையவை. இன்று செய்னி பல்கலைக்கழகம் எனப்படும் பென்சில்வேனியக் கல்வி நிலையம் தொடங்கியது 1837-இல். அதன் அப்போதைய பெயரில் இருந்த சொல் ‘கலர்டு’. பின்னர் ‘நீக்ரோ’ வழக்குக்கு வந்தது. 1944-இல் இக்கல்லூரிகளுக்கு நிதி திரட்ட உருவான அமைப்பு ‘யுனைடெட் நீக்ரோ காலேஜ் ஃபண்ட்’ என்ற பெயரை இன்றுவரை மாற்றவில்லை. 1960-களின் பிற்பகுதியில்தான் ‘பிளாக்’ என்ற சொல் தலைநிமிர்ந்து வந்தது. 1980-இல் அதிபர் கார்ட்டர் பிறப்பித்த ஆணையில் ‘ஹிஸ்டாரிக்கலி பிளாக்’ இடம்பெற்றது.

இந்தக் கல்லூரிகளில் ஒன்றையாவது கிட்டே போய்ப் பார்த்தால் சொல்லின் கனம் தெரியும். டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் 1866 ஜனவரியில் திறக்கப்பட்டது. அடிமைமுறைக்கு முடிவுகட்டிய உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வட மாநிலங்களின் படையினர் விட்டுச்சென்ற மருத்துவமனைக் கொட்டகைகள்தான் வகுப்பறைகள். மாணவர்களின் வயது ஏழிலிருந்து எழுபதுவரை. பாடநூல் வாங்கக் காசில்லை. அடிமைகளை விற்பதற்கு முன் அடைத்துவைத்த பட்டிகள் அந்த ஊரில் பாழடைந்து கிடந்தன. மாணவர்கள் அங்கே போய், துருப்பிடித்த விலங்குகளையும் கைப்பூட்டுகளையும் தோண்டியெடுத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்று நூல்கள் வாங்கினார்கள்.

ஐந்தாண்டுகளில் கல்லூரி கடனில் மூழ்கியது. பொருளாளர் ஜார்ஜ் ஒயிட் ஒன்பது மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு 1871 அக்டோபரில் ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். முதலில் வெள்ளையர் ரசிக்கும் பாட்டுகளைத்தான் பாடினார்கள். தாய் தந்தையர் வயலில் பாடிய பக்திப் பாடல்களை மேடையேற்றக் கூச்சம். கடைசியில் கூட்டத்தைக் கட்டிப்போட்டது அந்தப் பாடல்கள்தான். அடிமைகள் விடுதலை பெறும் யூபிலி வருஷம் பற்றி விவிலியம் சொல்கிறது அல்லவா? அதை வைத்துக் குழுவுக்கு ‘ஜூபிலி சிங்கர்ஸ்’ என்று பெயரிட்டார் ஒயிட். 1873-இல் விக்டோரியா மகாராணி முன்னும் பாடினார்கள். அந்தப் பணத்தில் 1876-இல் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் மாணவர் விடுதியாக நிற்கிறது.

எல்லாம் இப்படி மாணவர் உழைப்பில் வந்தவையும் அல்ல. மாநிலக் கல்லூரிகளுக்கு மத்திய அரசு நிதி தருவதற்கான 1890-இன் மோரில் சட்டம், கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள், இல்லையேல் அவர்களுக்குத் தனிக் கல்லூரி அமை, அப்போதுதான் பணம் என்றது. தென்மாநிலங்கள் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல அரசுக் கல்லூரிகள் பிறந்தது இந்த வழியில்தான்.

சரி, தனிக் கல்வி என்ற அந்த ஏற்பாட்டை உடைத்தது யார்? இதே கல்லூரிகளின் பிள்ளைகள்தான். துர்குட் மார்ஷல் லிங்கன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஹோவர்டில் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டனிடம் சட்டம் படித்தவர். பள்ளிகளில் இனவாரிப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரவுன் வழக்கை வாதாடிய வழக்கறிஞர்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர்.

‘ஹிஸ்டாரிக்கலி’ என்ற அடைமொழியைத் தமிழில் விட்டுவிடக் கூடாது என்பதற்கு ப்ளூஃபீல்டு ஒன்றே போதும். மேற்கு வர்ஜினியாவின் நிலக்கரி வட்டாரத்தில் 1895-இல் கறுப்பினத்தவருக்காகத் தொடங்கிய இந்தக் கல்லூரியில் இன்று வெள்ளையின மாணவர்களே அதிகம். ஆனாலும் அது எச்.பி.சி.யு.தான். ‘கறுப்பினத்தவர் கல்லூரி’ என்று மொட்டையாக எழுதினால் ப்ளூஃபீல்டுக்குப் பொருந்தாது. மற்றவற்றையும் பிறருக்கு இடமில்லாத இடமாகக் காட்டிவிடும். சட்டப்படி எந்த இனத்தவரும் சேரலாம்.

என் பரிந்துரை ‘கறுப்பின மரபுக் கல்லூரி’. தோற்றமும் தொடர்ச்சியும் ‘மரபு’ என்பதில் அடங்கிவிடுகின்றன, இன்றைய மாணவர் கணக்கைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. முதல்முறை வரும் இடத்தில் ‘கறுப்பினத்தவர் கல்விக்காக 1964-க்கு முன் நிறுவப்பட்ட’ என்று ஒரு விளக்கம் சேர்த்துவிட்டால் போதும். அப்புறம் ஒரு சின்ன விஷயம். நிறத்தைக் குறிக்க வல்லின றகரம் போட்டுக் ‘கறுப்பு’ என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன். ‘கருப்பு’ என்பதற்கு அகராதியில் பஞ்சம் என்றும் ஒரு பொருள் உண்டு.