ஸ்கிரைப்பாக வருகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

மார்ச் நெருங்கினால் என் போன் ஓயாது. பெங்களூரில் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தருவது என் வேலை, ஆனால் பரீட்சை சமயத்தில் முக்கால்வாசி நேரம் அவர்கள் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதும் ஆளை, அதாவது ஸ்கிரைப்பை, தேடுவதிலேயே போய்விடும்.

முன்பெல்லாம் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் தெரிந்த வீடுகளில் ஒரு பையனையோ பெண்ணையோ கேட்டு வைப்போம். அவர்களே வருஷம் முழுக்க வருவார்கள், மாணவர் பேசும் வேகம்கூட அவர்களுக்குப் பழகியிருக்கும். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால் போதும், கொஞ்ச நேரத்தில் "நான் வரேன் மேடம்" என்று வரிசையாகப் பதில் வருகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு நாள், ஒரு வேலை என்று வந்துபோகிறார்கள். ஷிஃப்டும் சில்க் போர்டு டிராஃபிக்கும் விட்டுவைத்த நேரம் அவ்வளவுதான். ஏரியைச் சுத்தம் செய்வது மாதிரித் தொண்டுக்கு அது சரி, நாலு பேர் வராவிட்டாலும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பரீட்சை ஹாலில் ஸ்கிரைப் ஒருவர்தான். முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு "சாரி, ஆபீஸில் அர்ஜென்ட் ரிலீஸ்" என்று செய்தி வந்தால், ஒரு வருஷம் படித்த மாணவர் அந்த நேரத்தில் யாரிடம் போய் நிற்பார்?

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. மாணவரே கூட்டிவரும் ஸ்கிரைப்பின் படிப்பு அவருடையதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்; மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் ஒரு படி குறைவு என்றது, 2025-இல் புது வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆகவே பி.இ. முடித்தவர்கள் ஆசையாக வந்தாலும் பி.ஏ. எழுதும் பெண்ணுக்கு அவர்களால் எழுத முடியாது, அவளுக்கு பியூசி (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) முடித்தவர்தான் வேண்டும். தேர்வுக்குத் தேர்வு நிபந்தனை மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மணிக்குக் குறைந்தது 20 நிமிஷம் கூடுதல் நேரமும் உண்டு, அதாவது மூன்று மணி நேரப் பேப்பர் நான்கு மணி நேரம் போகும். அரை நாள் லீவு போதாது.

தமிழ்ப் பேப்பர் என்றால் இன்னும் கஷ்டம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுவார்கள், எழுதச் சொன்னால் தயங்குவார்கள். ஒரு மாதிரித் தேர்வில் மாணவி "அறம்" என்று சொல்ல, எழுத வந்த பெண் "சின்ன ர-வா, பெரிய ற-வா?" என்று கேட்டாள். சரியான கேள்வி, ஆனால் ஒவ்வொரு வரியிலும் அது வந்தால் மாணவியின் யோசனை அறுந்துபோகும். அதனால்தான் பரீட்சைக்கு முன்னால் ஒரு முறையாவது இரண்டு பேரும் உட்கார்ந்து பழக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன்.

ஹாலில் கேள்வியை மதிப்பெண்ணோடு, சாய்ஸோடு முழுசாகப் படியுங்கள், கேட்டால் மறுபடியும் படியுங்கள். சொன்னதை மட்டும் எழுதுங்கள். பதில் தப்பு என்று தெரிந்தாலும் பெருமூச்சு விடாதீர்கள், "நிஜமாவா?" என்று கேட்காதீர்கள், அதுவே துப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அடையாள அட்டை அசலை மறக்க வேண்டாம்.

பகலில் வர முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஸ்கேன் செய்த தமிழ்ப் புத்தகங்களைக் கணினி எழுத்தாக மாற்றும்போது மென்பொருள் துணைக்காலை 'ர' என்று எடுத்துவிடும், 'பாடம்' 'பரடம்' ஆகிவிடும், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரும் அப்படியே வாசிக்கும். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் இரண்டு பேர் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளுக்குச் சில பக்கம் இதைத் திருத்தி அனுப்புகிறார்கள். நேரில் வரும் வேலையைவிட இது ஒரு மாற்றும் குறைந்ததில்லை, இந்தத் தலைமுறைக்குப் பொருந்தியும் வருகிறது.

ஸ்கிரைப்பாகப் பெயர் கொடுப்பவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: உங்களுக்குப் பதிலாக வரக்கூடிய இன்னொருவரின் பெயரையும் சேர்த்தே கொடுங்கள். அவருடைய படிப்பும் விதிக்கு ஒத்துவர வேண்டும், அவருடைய பெயருக்கும் தேர்வு மையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் ஆளை மாற்ற எல்லா மையத்திலும் விடுவதில்லை.