புலிகள் காப்பகத்தை விட்டு வெளியே குடியேற: 15 லட்சம் யாருக்கு, எப்படி?

முதுமலை, ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் குடியிருப்பவர்கள், விரும்பினால் காட்டுக்கு வெளியே போய்க் குடியேற ஒரு மறுகுடியமர்வுத் திட்டம் இருக்கிறது. 2008-ல் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். 2021-ல் அது 15 லட்சமானது.

இதில் முதலில் பார்க்க வேண்டியது குடும்பக் கணக்கு. ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு என்பதால் ஒரு குடும்பம் ஆகிவிடாது. 18 வயது தாண்டிய மகனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் அவர் தனிக் குடும்பம். கல்யாணமாகாத, 18 தாண்டிய மகளும் சகோதரியும் அப்படியே. கணவரை இழந்தவர், விவாகரத்தான பெண், தாய் தகப்பன் இருவரும் இல்லாத சிறுவர், எந்த வயது மாற்றுத்திறனாளியும் தனித்தனிக் கணக்குதான். அப்பா, அம்மா, 20 வயது மகன், கல்யாணமாகாத 19 வயது மகள் உள்ள வீட்டுக்கு 45 லட்சம் வர வேண்டும். கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் விடுபட்டால் அப்போதே மனு கொடுத்துவிடுங்கள்.

வழி இரண்டு. ஒன்று, முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு நீங்களே இடம் பார்ப்பது. மற்றது, வனத்துறையே நிலமும் வீடும் தருவது. இரண்டாவதில் நிலம், வீடு, உங்கள் பழைய உரிமைகளுக்கான ஈடு, சாலை, குடிநீர், மின்சாரம் எல்லாம் அதே 15 லட்சத்துக்குள்தான். மலை மாவட்டத்து நிலவிலைக்கு இது எந்த மூலைக்கு? செலவு கூடினால் மிச்சத்தை மாநில அரசு ஏற்க வேண்டும் என்பது விதி. ரொக்கம் வாங்குபவர்கள் புரோக்கரை நம்பி முன்பணம் தர வேண்டாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் பார்த்த பிறகு பேசுங்கள்.

சரி, போக மனமில்லை என்றால்? போக வேண்டியதில்லை. மறுகுடியமர்வு பற்றிப் பேசும் கூட்டங்களில் இதை அழுத்திச் சொல்லாமல் போகலாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 38வி பிரிவின்படி, முதலில் வன உரிமைகளை, அதாவது காட்டில் வாழ்பவர்களுக்கு அங்குள்ள நிலத்திலும் வனப் பொருட்களிலும் இருக்கும் உரிமைகளை, அங்கீகரித்து முடிக்க வேண்டும். அப்புறம்தான் ஒப்புதல் கேட்கலாம். கிராம சபையின் சம்மதமும் வேண்டும், பாதிக்கப்படுபவர்களின் சம்மதமும் வேண்டும். புது இடத்தில் நிலமும் வசதிகளும் தராதவரை, இப்போதிருக்கும் உரிமைகளில் கைவைக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.