ஆர்டர் போட்டது கணக்கில் வராதா?

"வெளியில சாப்பிடறது ரொம்பக் கம்மி மேடம். மாசத்துக்கு ரெண்டு தடவை, அதுவும் ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டாதான்."

போன வாரம் என் எதிரே உட்கார்ந்து இதைச் சொன்ன தம்பிக்கு வயது 31. சோழிங்கநல்லூரில் வேலை. பெருங்குடியில் இரண்டு நண்பர்களோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார். மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.4, சர்க்கரை நோய் அளவு. பிரஷரும் எல்லையைத் தாண்டியிருக்கிறது. பக்கத்தில், வந்தவாசியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த அவருடைய அம்மா.

உணவியல் ஆலோசகராக நான் யாரிடமும் முதலில் கேட்பது ஒன்றுதான்: நேற்று கண் விழித்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்? தம்பி சொன்ன பதிலில் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. அதைச் சொன்னேன். "அது ஆர்டர் போட்டது மேடம், வெளியில போய்ச் சாப்பிடலயே" என்றார்.

போனில் ஆப்பைத் திறக்கச் சொன்னேன். அம்மாதான் விரல் விட்டு எண்ணினார். காலை 9:40, பொங்கல் வடை. இரவு 10:50, சிக்கன் ஃப்ரைட் ரைஸ். மறுநாள் இரவு 11:15, பரோட்டா. இருபதைத் தாண்டியதும் அம்மா வாய்விட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டார். முப்பது நாளில் 41 ஆர்டர். இதோடு ஆபீஸ் கேண்டீனில் மதியச் சாப்பாடு 20 நாள். மாதத்துக்கு 90 வேளை என்றால் அதில் 61 வேளை வெளிச்சாப்பாடு. சாயங்காலம் டீக்கடையில் சாப்பிடும் பஜ்ஜியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

"சமைக்கத் தெரியாதவனாடா நீ? ரசம் வைக்கக் கத்துக்கொடுத்துத்தானே அனுப்பினேன்" என்று அம்மா கேட்டபோது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

இந்த மாதத்தில் இதே பதிலோடு வந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. 'வெளியில் சாப்பிடுவது' என்றால் குடும்பத்தோடு கிளம்பிப்போய், ஏசி ஹாலில் மெனு கார்டைப் புரட்டி, பிரியாணி சொல்வது என்று மனதில் பதிந்துவிட்டது. அந்த அளவுகோலில் பார்த்தால் மாதத்துக்கு இரண்டு தடவைதான். பார்சல் கணக்கில் இல்லை, கேண்டீன் கணக்கில் இல்லை, ஸ்டேஷன் வாசலில் நின்றபடி சாப்பிட்ட சமோசா நினைவிலேயே இல்லை. உங்கள் வீட்டு அடுப்பில் வேகாத எதுவும் வெளிச்சாப்பாடுதான். வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் அப்படித்தான்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது அடுத்த வாதம். "ஜங்க் ஃபுட் தொடறதே இல்ல மேடம். இட்லி, பொங்கல், தோசைதான்." ஊர் முழுக்க டிபன் கடை இருக்கிற சென்னையில் இதை வாரத்துக்குப் பத்துத் தடவையாவது கேட்கிறேன்.

ஒரு மினி டிபன் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவில் உப்பு. பொங்கலில் உப்பு. வடையில் உப்பு. சாம்பாரில் உப்பு. தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி இரண்டிலும் உப்பு. "இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்று கேட்டதும் இட்லி முங்கும் அளவுக்கு ஊற்றுகிறார்களே, அதிலும் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்கு மேல் உப்பு கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஹைதராபாத்தில் இருக்கும் நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அதையேதான் சொல்கிறது. 5 கிராம் என்பது தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். காலை டிபனிலேயே அதில் பெரும்பங்கைத் தீர்த்துவிட்டு, மதியம் அப்பளம் ஊறுகாயோடு மீல்ஸ் சாப்பிட்டால் பிரஷர் மாத்திரை என்னதான் செய்யும்?

அடுத்தது எண்ணெய். வீட்டில் பொங்கலுக்கு நெய் விடும்போது விலையை நினைத்தாவது கை நின்றுவிடும். ஹோட்டல் பொங்கல் இலையில் வழுக்கிக்கொண்டு போகவேண்டும், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். தோசைக்கல்லைச் சுற்றி மாஸ்டர் ஊற்றும் எண்ணெயை ஒருநாள் கிட்ட நின்று பாருங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 120 கலோரி. மாஸ்டரை நான் குறை சொல்லவில்லை. ருசி குறையாமல் போடுவது அவர் தொழில். தினமும் அதையே சாப்பிடுவதா என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்தத் தட்டில் காய் இல்லை என்பதையும் கவனியுங்கள். பருப்பு முழுக்க சாம்பார் வாளியின் அடியில் தங்கிவிடுகிறது.

"எனக்கு 31 வயசுதானே" என்கிறார் தம்பி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதற்கு முந்தைய நிலையில் இன்னும் 13.6 கோடிப் பேர். இந்த இரண்டு கூட்டத்திலும் முப்பதுகளில் இருப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

சுத்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடைசெய்தது, வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி பயத்தால்தான். தடை தேதியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எப்போதுமே அது வேண்டாம். வடைச் சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரை கட்டிப் புகைந்தால் அங்கே வாங்காதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு 2018 ஜூலையிலிருந்தே சட்டப்படி வரம்பு இருக்கிறது. கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் கட்டித் தந்தால் வாங்க மறுத்துவிட்டு, அடுத்த முறை தூக்குவாளி கொண்டு போங்கள். ராத்திரி மிஞ்சிய பிரியாணியை மேஜையிலேயே விட்டுவிட்டுக் காலையில் சூடுபண்ணிச் சாப்பிடவே கூடாது. சில கிருமிகள் அதில் விட்டுவைக்கும் நஞ்சு சூட்டில் அழியாது. நம் ஊர் வெக்கைக்கு இரண்டு மணி நேரம்தான் கெடு. அதற்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், முடியாவிட்டால் கொட்டிவிடுங்கள்.

ஹோட்டலுக்குப் போனால் சட்னி, சாம்பாரை ஒருமுறை வாங்கியதோடு நிறுத்துங்கள். பொங்கல், வடை, பூரி மூன்றும் ஒரே வேளையில் வேண்டாம். மீல்ஸ் என்றால் முதலில் கூட்டு, பொரியலைச் சாப்பிடுங்கள், பிறகு சாதம். பரோட்டாவுக்குப் பதில் சப்பாத்தி கேளுங்கள், கூடவே ஆம்லெட் அல்லது சுண்டல். காபி சொல்லும்போதே 'சர்க்கரை இல்லாம' என்று சொல்லிவிடுங்கள். இரவு பத்தரைக்கு மேல் ஆப்பைத் திறக்காதீர்கள். பசித்தால் மோரும் வாழைப்பழமும் போதும். சர்க்கரை உள்ளவர்கள் மோரோடு ஒரு பிடி வேர்க்கடலை.

திருவல்லிக்கேணி மேன்ஷனிலும் பிஜி ஹாஸ்டலிலும் இருக்கிற பிள்ளைகளிடம் மட்டும் என்னால் கோபப்பட முடியவில்லை. அறையில் அடுப்பு இல்லை, மூன்று வேளையும் மெஸ்ஸை நம்பித்தான் இருக்கவேண்டும். உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: ஒரு வேளையை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேகவைத்த முட்டை, ராத்திரியே ஊறப்போட்ட பயறு, தயிர், வெள்ளரிக்காய் இவற்றுக்கு அடுப்பே தேவையில்லை. முட்டையைக் கடையிலேயே வேகவைத்துத் தருகிறார்கள்.

பெருங்குடித் தம்பிக்கு நான் இன்னும் டயட் சார்ட் எழுதித் தரவில்லை. ரைஸ் குக்கர் ஒன்று வாங்கி, வாரத்தில் நான்கு இரவு பருப்பும் சாதமும் ஒரு காயும் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். உப்பு எவ்வளவு என்று அம்மா போனில் சொல்வார். அடுத்த மாதம் வரும்போது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு ஆர்டர் பட்டியலையும் கொண்டுவரச் சொன்னேன். என்னிடம் வருகிற எல்லோரிடமும் இனி இதையே கேட்கப்போகிறேன். டீக்கடைக் கணக்கு போனில் இருக்காது, அதை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.