ஸ்லோகன்: போர்க்கூவலும் பேக்கார்ட் காரும்

ஸ்காட்லாந்து மலைநாட்டின் கேலிக் மொழியில் 'ஸ்லுவா' என்றால் படை. 'கைரம்' என்றால் கூவி அழைத்தல். குலத்தலைவன் பெயரையோ படை திரளும் இடத்தின் பெயரையோ கூவி ஆட்களைத் திரட்டினார்கள். இரண்டும் சேர்ந்த அந்தக் கூட்டுச்சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய்த் தேய்ந்து 'ஸ்லோகன்' ஆனது. பிறகு அரசியல் கட்சிகள் எடுத்துக்கொண்டன. இருபதாம் நூற்றாண்டில் வணிகர்களும்.

வணிகத்தில் இந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதற்கு மிகச் சிறந்த சான்று, அமெரிக்காவின் பேக்கார்ட் சொகுசுக் கார் நிறுவனம் 1901-இல் வெளியிட்ட வரி: "வைத்திருப்பவரைக் கேளுங்கள்." கார் எப்படி என்று விசாரித்து வந்த கடிதத்துக்கு, அனுப்ப விவரப் புத்தகம் இல்லாததால் ஜேம்ஸ் வார்ட் பேக்கார்ட் சொன்ன பதில் இது என்பார்கள். குதிரைத்திறன் இல்லை, விலை இல்லை, காரின் பெயர்கூட இல்லை. கார்கள் வழியில் நின்றுபோவது வாடிக்கையாக இருந்த காலத்தில், விற்பவன் பேச்சைவிட ஓட்டுபவர் பேச்சுக்கே மதிப்பு. அதோடு, பேக்கார்ட் வைத்திருக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று வாசகரை மேல்தட்டில் சேர்த்துவிடும் சாமர்த்தியமும் அதில் இருக்கிறது. பல பத்தாண்டுகள் அதை அவர்கள் மாற்றவில்லை.

இன்னொரு அமெரிக்கச் சொகுசுக் கார் நிறுவனமான காடிலாக் 'உலகின் தர அளவுகோல்' என்றது. 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் கார்ப் பந்தயத் தடத்தில் மூன்று காடிலாக் கார்களைப் பிரித்து, பாகங்களைக் கலந்து, மீண்டும் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டிய சோதனை அந்த வரிக்கு வலுச் சேர்த்தது. அதே நிறுவனத்துக்காக விளம்பர எழுத்தாளர் தியோடர் மக்மேனஸ் எழுதி 1915 ஜனவரியில் வந்த புகழ்பெற்ற விளம்பரமோ ஒரு முழுக் கட்டுரை. அதை ஸ்லோகன் என்று சொல்ல முடியாது.

ஸ்லோகனைத் தமிழில் என்ன சொல்லலாம்? 'விளம்பர வாசகம்' என்பது பரவலான வழக்கு. ஆனால் விளம்பரத்தில் உள்ள எந்த எழுத்தும் வாசகம்தான். மக்மேனஸின் கட்டுரையும் அதில் அடங்கிவிடும். 'முழக்கம்' மூலச்சொல்லுக்கு நெருக்கமானது, ஊர்வலத்துக்கும் மேடைக்கும் அருமையாகப் பொருந்தும். பேக்கார்டின் வரி முழங்கவில்லை. தணிந்த குரலில் பேசுகிறது. நிறுவனத்தின் அடையாளமாகவே நிலைத்துவிடும் இத்தகைய வரிக்கு 'முத்திரை வாசகம்' என்பதே என் தேர்வு. கட்சிக்கு முழக்கம், காருக்கு முத்திரை வாசகம்.

இலங்கைச் செய்தித்தாள்களில், போராட்டக்காரர்கள் முழக்கம் எழுதிய அட்டைகளைப் பிடித்திருப்பதை 'சுலோக அட்டைகளை ஏந்தி' என்று படிக்கிறோம். ஒலி ஒத்திருந்தாலும், செய்யுளைக் குறிக்கும் வடமொழிச் சுலோகத்துக்கும் கேலிக் கூவலுக்கும் உறவில்லை.